குறைந்த புள்ளியோடு முடிந்துவிடுவதில்லை
உயர்தர வர்த்தகப் பிரிவில் மீண்டும் தோற்றும் பிள்ளைகளும் அவர்களது தாய்மாரும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் எமது கிராமங்களில் இரண்டு விதமான வீடுகளைக் காணலாம். ஒரு வீட்டில் அயலவர் வந்து போவார்கள், தேநீர் ஊற்றப்படும். மற்ற வீட்டின் கதவு சாத்தியே இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளை கிணற்றடிக்குக்கூட வரமாட்டாள். அந்த வாரத்துக்குள்ளேயே அவளது வாழ்க்கையைப் பற்றிய முடிவுகளை மற்றவர்கள் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரு மாமா கலியாணம் பேசுவார். ஒரு மாமி ஆடைத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பார். வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவர் ஒருவரும் வந்து போவார்.

இக்கட்டுரை அந்த இரண்டாவது வீட்டுக்காக எழுதப்படுகின்றது. குறிப்பாக, வர்த்தகப் பிரிவில் படித்து முகாமைத்துவமோ வணிகமோ கற்கப் பல்கலைக்கழகம் செல்ல விரும்பிய பிள்ளைகளுக்காகவும், கணவனை இழந்தோ, காணாமலாக்கப்பட்ட கணவனைத் தேடிக்கொண்டோ அவர்களைத் தனியாக வளர்த்த தாய்மாருக்காகவும் எழுதப்படுகின்றது. எமது நாட்டில் முகாமைத்துவப் பட்டப்படிப்புக்கென அரச பல்கலைக்கழகங்கள் பொதுவாகத் தனியான நுழைவுப் பரீட்சை வைப்பதில்லை. உயர்தரப் பரீட்சையே அந்த நுழைவாயில். அதில் ஒருமுறை குறைந்த புள்ளி பெற்றவர் மீண்டும் முயற்சிக்கச் சட்டப்படி இடமுண்டு. ஆனால் முதல் தடவை படித்த விதமாகவே இரண்டாம் தடவையும் படித்தால் புள்ளி பெரிதாக மாறப்போவதில்லை. எதை மாற்ற வேண்டும் என்பதை அறிவதே முதல் வேலை.

இசட் புள்ளி என்றால் என்ன?

பல தாய்மார் கேட்கும் கேள்வி இது: "மூன்று பாடமும் பாஸ் என்று வந்திருக்கிறதே, பிறகு ஏன் கம்பஸ் கிடைக்கவில்லை?"

மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் சித்தியடைவதும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் ஆகக் குறைந்தது 30 புள்ளி பெறுவதும் விண்ணப்பிப்பதற்கான தகுதி மட்டுமே. இடம் கிடைப்பதைத் தீர்மானிப்பது 2001 முதல் நடைமுறையில் உள்ள இசட் புள்ளியாகும். ஒரு பாடத்தில் பிள்ளை பெற்ற புள்ளி, அந்த வருடம் அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரதும் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கின்றது என்பதையே அது அளக்கின்றது. பிள்ளையின் புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுப்பார்கள். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு வரும் மூன்று எண்களின் சராசரியே இறுதி இசட் புள்ளி.

விளங்கிக்கொள்வதற்காக ஓர் உதாரணத்தை நாமே அமைத்துக்கொள்வோம். கணக்கீட்டின் சராசரி 45, நியம விலகல் 20 என்று வைப்போம். பிள்ளை பெற்றது 35. பத்துப் புள்ளி குறைவு. 20 ஆல் வகுத்தால் -0.5. வணிகக் கல்வியின் சராசரி 50, நியம விலகல் 15. பிள்ளை பெற்றது 56. எனவே 0.4. பொருளியலின் சராசரி 40, நியம விலகல் 16. பிள்ளை பெற்றது 44. எனவே 0.25. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 0.05 தான் வரும். இரண்டு பாடங்களில் சராசரிக்கு மேலே நின்ற பிள்ளையை ஒரே பாடம் கீழே இழுத்துவிட்டது.

இப்போது அடுத்த தடவை வணிகக் கல்வியும் பொருளியலும் அப்படியே இருக்க, கணக்கீட்டில் மட்டும் 65 எடுத்தால் அந்தப் பாடத்தின் இசட் புள்ளி 1.0 ஆகும். மொத்தம் 0.55 ஆக உயரும். எங்கே அதிகம் இழந்தோமோ அங்கேதான் அதிகம் மீட்கலாம். பிடித்த பாடத்தையே மீண்டும் மீண்டும் படித்துவிட்டு, பயந்த பாடத்தைப் பரீட்சைக்கு முதல் மாதம் வரை தள்ளிவைப்பது எமது பிள்ளைகளிடம் காணப்படும் பழக்கம். புள்ளி உயராமல் இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

எமது மாவட்டத்துக்கு உள்ள இடம்

தரப்படுத்தல் என்ற சொல்லுக்கு எமது மக்களிடையே கசப்பான வரலாறு உண்டு. 1970களின் தொடக்கத்தில் மொழிமூல அடிப்படையில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல் தமிழ் மாணவர்களைக் கடுமையாகப் பாதித்தது. இன்றுள்ள இசட் புள்ளி அதுவல்ல. எந்த மொழியில் எழுதினாலும் ஒரு பாடத்துக்கு ஒரே கணிப்பே.

கலைப்பிரிவு நீங்கலாக, பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. இதன் பொருள், எமது பிள்ளை போட்டியிடுவது பெரும்பாலும் கொழும்புப் பிள்ளையோடு அல்ல. எமது மாவட்டத்துப் பிள்ளைகளோடுதான். ஆகவே இசட் புள்ளியைப் பார்த்ததும் மனமுடைந்து போகாமல், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் முன்னைய வருட வெட்டுப்புள்ளி அட்டவணையில் மட்டக்களப்புக்குரிய நிரலைப் பார்க்க வேண்டும். தேவைப்படும் புள்ளிக்கும் பிள்ளை பெற்ற புள்ளிக்கும் உள்ள இடைவெளி தெரிந்தால்தான் மீண்டும் தோற்றுவதா இல்லையா என்று முடிவெடுக்க முடியும்.

முகாமைத்துவம், வர்த்தகம் சார்ந்த பட்டங்கள் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மட்டுமல்ல, அதன் திருகோணமலை வளாகத்திலும், ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், யாழ்ப்பாணத்திலும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக்கப்பட்ட வவுனியாவிலும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வெட்டுப்புள்ளி வேறு. வீட்டுக்கு அருகிலுள்ள ஒன்றை மட்டும் விண்ணப்பத்தில் எழுதிவிட்டு இடம் கிடைக்கவில்லை என்று இருந்தவர்களும் உள்ளனர். ஒழுங்குவரிசையை ஆசிரியர் ஒருவருடன் இருந்து நிரப்புவது நல்லது.

பெறுபேறு வந்தவுடன் செய்ய வேண்டியவை

முதலாவது, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் பரீட்சைத் திணைக்களத்துக்கு மீளாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். இதற்குரிய காலம் குறுகியது. 

இரண்டாவது, மீண்டும் தோற்ற எண்ணியிருந்தாலும் கையிலுள்ள பெறுபேற்றுடன் தகுதியிருந்தால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தவறக்கூடாது. ஒவ்வொரு கல்வியாண்டு அனுமதியும் அந்தந்தப் பரீட்சையின் பெறுபேற்றின்படியே நடக்கும். இவ்வருடப் பெறுபேற்றைப் பத்திரப்படுத்திவைத்து அடுத்த வருடம் பயன்படுத்த முடியாது.

மூன்றாவது, தடவைகளைக் கணக்கிட வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகளுக்கு உட்பட்ட பெறுபேறே ஏற்றுக்கொள்ளப்படும். ஆயத்தமில்லாமல் "சும்மா எழுதிப் பார்ப்பது" ஒரு வாய்ப்பை வீணாக்குவதாகும்.

நான்காவது, ஆவணங்கள். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கும் பிள்ளைக்குத் தேசிய அடையாள அட்டை தேவை. 2006, 2007 இடப்பெயர்வில் அல்லது 2004 டிசெம்பர் 26 கடல்கோளில் குடும்ப ஆவணங்களை இழந்தவர்கள், பெயரில் எழுத்து வித்தியாசம் உள்ளவர்கள் இப்போதே பிரதேச செயலகத்தில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தந்தை காணாமலாக்கப்பட்ட பிள்ளைகள் மகாபொல புலமைப்பரிசிலுக்கோ உதவிப்பணத்துக்கோ விண்ணப்பிக்கையில் குடும்ப வருமானத்தைக் காட்ட வேண்டி வரும். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத தாய்மாருக்காக, ஆள் காணாமற்போனமையை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி செய்யப்பட்டது. கணவன் இறந்துவிட்டார் என்று ஒப்பமிடாமலேயே பிள்ளையின் காரியத்தைப் பார்க்க அது உதவும்.

பிழைக் கொப்பி

இனிப் படிக்கும் முறைக்கு வருவோம். மீண்டும் தோற்றும் பிள்ளை புதிதாக வாங்க வேண்டிய முதற் பொருள் நூறு ரியூசன் தாள்கள் அல்ல, ஒரு கொப்பி. கடந்தகால வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதித் திருத்திய பின், ஒவ்வொரு பிழையையும் அந்தக் கொப்பியில் எழுதி, பக்கத்தில் காரணத்தையும் குறிக்க வேண்டும். காரணங்கள் பெரும்பாலும் மூன்றே: விடயம் தெரியாது, தெரியும், ஆனால் வினாவைச் சரியாக வாசிக்கவில்லை, தெரியும், நேரம் போதவில்லை.

இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. தெரியாததைப் பாடநூலிலும் தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலிலும் திரும்பப் படிக்க வேண்டும். வாசிப்புப் பிழைக்கு வினாவில் கேட்கப்பட்ட சொல்லின் கீழ் கோடிட்டுப் பழக வேண்டும். "குறிப்பிடுக" என்றால் ஒரு வரி போதும், "விளக்குக" என்றால் காரணமும் வேண்டும். நேரப் பிழைக்குக் கடிகாரத்தை முன்னால் வைத்து எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. பிள்ளைகள் தமது பிழைகளை இவ்வாறு எண்ணிப் பார்க்கும்போது, "எனக்கு மண்டையில் ஏறாது" என்று தம்மைத் தாமே திட்டியது எவ்வளவு அநியாயம் என்பதை உணர்கிறார்கள். பல வேளைகளில் பிழைகளில் பாதிக்கு மேல் தெரிந்த விடயத்திலேயே நடந்திருக்கும்.

பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகள் மிகவும் பெறுமதியானவை. எந்த வினாவுக்குப் புள்ளி எப்படி வழங்கப்பட்டது, பரீட்சார்த்திகள் எங்கே தவறினார்கள் என்பவை அவற்றில் உள்ளன. பாடசாலை நூலகத்திலோ பாட ஆசிரியரிடமோ கேட்டுப் பார்க்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் பாடங்களை இலவசமாகப் பெறலாம். கைத்தொலைபேசியில் தரவு போடக் காசில்லாத பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து ஒரு தொலைபேசியில் தரவிறக்கிக்கொள்ளலாம்.

மூன்று பாடங்களுக்கும் மூன்று வழி

கணக்கீடு கையால் படிக்கும் பாடம். வாசித்தால் வராது. நாளுக்கு ஒரு கணக்காவது ஆரம்பத்திலிருந்து முடிவு வரை விடையைப் பார்க்காமல் செய்ய வேண்டும். இறுதி விடை பொருந்தாவிட்டாலும் படிமுறைக்குப் புள்ளி உண்டு. எனவே செய்கையைத் தெளிவாகக் காட்ட வேண்டும். பரீட்சை மீதி பொருந்தவில்லை என்று ஒரே கணக்கில் முக்கால் மணித்தியாலம் மாரடிப்பதைவிட, விட்டுவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வதே புத்தி.

வணிகக் கல்வியில் எமது பிள்ளைகள் அதிகம் எழுதிக் குறைவாகப் புள்ளி பெறுகிறார்கள். பாடத்தின் கலைச்சொல்லைப் பயன்படுத்திச் சுருக்கமாக எழுதி, ஓர் உதாரணம் கொடுக்கப் பழக வேண்டும். உதாரணத்துக்குக் கொழும்புக் கம்பனியைத் தேட வேண்டியதில்லை. வாவியில் பிடித்த இறாலை ஐஸ் பெட்டியில் வைத்து விற்கும் கூட்டுறவுச் சங்கமும், ஊர்ச் சில்லறைக் கடையும் வணிகமே.

பொருளியலில் வரைபுகள் உயிர்நாடி. கேள்வி வளையி, நிரம்பல் வளையி ஆகியவற்றை அச்சுக்களின் பெயருடன் தினமும் வரைந்து பார்க்க வேண்டும். மாரியில் வாவியும் கடலும் கொந்தளிக்க மீன் வரத்துக் குறைந்து விலை ஏறுவதை எமது தாய்மார் எல்லோரும் அறிவார்கள். அதுவே நிரம்பல் வளையி இடப்பக்கம் நகர்வது. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இந்தப் பாடத்தில் பிள்ளைக்கு உதவலாம். "இன்றைக்குச் சந்தையில் என்ன விலை, ஏன் கூடியது?" என்று கேட்டு, பிள்ளையை விளக்கச் சொன்னால் போதும். பிறருக்கு விளங்கப்படுத்த முடிந்தால்தான் தனக்கு விளங்கியது உறுதியாகும்.

பல்தேர்வு வினாக்களைப் பற்றி ஒரு முக்கிய விடயம். இந்தியாவில் ஐ.ஐ.எம். எனப்படும் முகாமைத்துவ நிறுவனங்களில் சேர்வதற்கான கற் பரீட்சையில் தவறான பல்தேர்வு விடைக்குப் புள்ளி கழிக்கப்படும். எமது உயர்தரப் பரீட்சையில் அவ்வாறு கழிப்பதில்லை. ஆகவே ஒரு வினாவையும் வெறுமையாக விடக்கூடாது. வணிகக் கல்வி, பொருளியல் ஆகியவற்றின் முதலாம் பத்திரத்தில் 2 மணித்தியாலத்தில் 50 வினாக்கள். ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். தெரிந்தவற்றை முதலில் செய்து, கடினமானவற்றை அடையாளமிட்டுவிட்டுப் பின்னர் திரும்ப வேண்டும். 3 மணித்தியால இரண்டாம் பத்திரத்துக்கு மேலதிகமாக 10 நிமிட வாசிப்பு நேரம் தரப்படுகின்றது. எந்த வினாக்களைத் தெரிவது, எதை முதலில் எழுதுவது என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் முடிவு செய்யப் பழக வேண்டும்.

வீடு மாறாமல் புள்ளி மாறாது

சமூகவியல் படித்தவள் என்ற வகையிலும், கிராமங்களில் வேலை செய்பவள் என்ற வகையிலும் நான் காண்பது இது: பெண்பிள்ளைகளின் குறைந்த புள்ளிக்குக் காரணம் அவர்களது தலைக்குள் இருப்பதை விட வீட்டுக்குள்ளேயே அதிகம் இருக்கின்றது. பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கும் பெண்பிள்ளை "சும்மா இருப்பவள்" என்று எண்ணப்படுகிறாள். சமையல், தண்ணீர், தம்பி தங்கையரின் பள்ளி, நோயாளியான அம்மம்மா எல்லாம் அவளிடம் வந்துவிடுகின்றன. மாலையில் தம்பி பந்து விளையாடப் போகிறான். அக்கா அடுப்படியில் நிற்கிறாள். இரவு ஒன்பது மணிக்குக் கொப்பியை விரித்தால் தூக்கம்தான் வரும்.

தாய்மாரே, ஒரு நாளில் இரண்டு நேரத்தை மட்டும் அவளுக்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். விடியற்காலையில் இரண்டு மணித்தியாலம், பிற்பகலில் இரண்டு மணித்தியாலம். அந்த நேரத்தில் அவளை யாரும் கூப்பிடக்கூடாது. ஆண்பிள்ளையும் முற்றம் கூட்டலாம், தண்ணீர் எடுக்கலாம். வாரத்தில் ஒரு நாள் ஒரு முழு வினாத்தாளை உரிய நேரத்துக்குள் எழுத வேண்டும். அன்று வீட்டில் மற்றவர்கள் அவளுக்குச் சமைத்துக் கொடுக்கட்டும்.

ரியூசனுக்காக நுண்கடன் எடுக்க வேண்டாம். வாரந்தோறும் கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் எந்தப் பிள்ளையாலும் படிக்க முடியாது. மூன்று பாடத்துக்கும் மூன்று இடம் போவதைவிட, மிகப் பலவீனமான ஒரு பாடத்துக்கு மட்டும் நல்ல ஆசிரியரிடம் போய், மற்ற இரண்டையும் கூட்டாகப் படிக்கலாம். படுவான்கரைப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்தும் ஒரு பாடமே. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுவான்கரை கிட்டவாகிவிட்டது. ஆனால் உட்கிராமங்களில் மாலை வகுப்பு முடிந்து இருட்டில் தனியே திரும்பும் பயம் இன்னும் உண்டு. யானைப் பயமும் உண்டு. ஒரே கிராமத்துப் பிள்ளைகள் சேர்ந்து போய்வரவும், மாதர் சங்கக் கட்டிடத்தையோ பல்தேவைக் கட்டிடத்தையோ மாலையில் படிப்பதற்குத் திறந்துவைக்கவும் எமது சங்கங்களால் முடியும்.

மழையையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். 2024 நவம்பர் 25 இல் ஆரம்பமான உயர்தரப் பரீட்சை வெள்ளத்தினால் 27 ஆம் திகதி இடைநிறுத்தப்பட்டு, டிசெம்பர் 4 இலேயே மீண்டும் தொடங்கியது. மாரியில் பரீட்சை வரும்போது கொப்பிகளையும் அனுமதி அட்டையையும் தண்ணீர் புகாத பையில் இட்டு உயரத்தில் வையுங்கள். பரீட்சை நிலையத்துக்கு அருகில் தங்க ஓர் உறவினர் வீட்டை முன்கூட்டியே பேசிவையுங்கள்.

பயத்தைப் பற்றியும் பேசுவோம்

வந்தாறுமூலை என்றதும் எமது தாய்மார் சிலருக்குப் பட்டம் நினைவுக்கு வருவதில்லை. 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த மக்களில் 158 பேர் படையினரால் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. அதே வளாகத்துக்கு மகளை அனுப்பத் தயங்கும் தாயின் மனத்தை யாரும் பிழை சொல்ல முடியாது. அந்தத் தயக்கத்தை மறைத்து, "உனக்குப் படிப்பு வராது, விடு" என்று வேறு வார்த்தையில் சொல்லும்போதுதான் பிள்ளை உடைந்துபோகிறாள். எனக்குப் பயமாக இருக்கின்றது என்று நேராகச் சொல்லுங்கள். அவள் விளங்கிக்கொள்வாள்.

பெறுபேற்றின் பின் பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாருடனும் பேசாமல் இருந்தால், அல்லது வாழ விருப்பமில்லை என்று சொன்னால் அதை நடிப்பு என்று எண்ண வேண்டாம். அவளைத் தனியே விடாதீர்கள். வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துடனும் பேசலாம்.

மீண்டும் தோற்றாமல் விடுவதும் தோல்வியல்ல

எல்லோரும் மீண்டும் தோற்றத்தான் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால், அல்லது பிள்ளையே களைத்துப்போயிருந்தால் வேறு வாசல்கள் உண்டு. ஆரையம்பதி கோவில்குளத்தில் உள்ள உயர் தொழினுட்பவியல் நிறுவனத்தில் கணக்கீட்டில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். 1980 இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் உண்டு. வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு அது பொருத்தமானது. ஏ.ஏ.ரி. போன்ற கணக்கியல் தொழிற்பரீட்சைகளும் உண்டு. இவற்றுட் சிலவற்றை, மீண்டும் தோற்றுவதற்குப் படிக்கும் அதே வேளையில் தொடங்கவும் முடியும். பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவப் பாடங்கள் இப்போது பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுவதால், காத்திருக்கும் மாதங்களில் ஆங்கிலம் கற்பது எந்த வழியில் போனாலும் கைகொடுக்கும்.

முப்பது வருட யுத்தத்தில் எமது பெண்கள் கணக்குப் புத்தகம் இல்லாமலே குடும்பங்களை முகாமை செய்தவர்கள். நிவாரண அரிசியை நாட்களுக்குப் பங்கிட்டவர்கள், சீட்டுப் பிடித்து வீட்டுக் கூரையைப் போட்டவர்கள். அந்த அறிவுக்கு ஒரு சான்றிதழைச் சேர்க்கத்தான் எமது பிள்ளைகள் முயல்கிறார்கள். அயல் வீட்டில் கதவு சாத்தியிருந்தால் தட்டிப் பாருங்கள். "எத்தனை புள்ளி?" என்று கேட்க வேண்டாம். "எந்தப் பாடத்துக்கு உதவி வேணும் மகள்?" என்று கேளுங்கள்.